மூன்று சிபாரிசுக் கடிதங்கள்

கீழ்வீட்டுப் பெண் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பொட்டலம் தேங்காய் பன்னோடு வந்து நின்றாள். மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறாளாம். கல்லூரி விடுமுறையில் ஆறு வாரம் எங்கள் அலுவலகத்தில் வேலை பழகியவள்.

"ஆன்ட்டி, ஒரு சிபாரிசு லெட்டர் வேணுங்க. நீங்க சிரமப்பட வேண்டாமுங்க, நானே எழுதியாச்சு. பேர மட்டும் போட்டுக் குடுத்தாப் போதுங்க" என்று செல்போனை நீட்டினாள். படித்துப் பார்த்தேன். அந்தக் கடிதத்தில் இருந்த பெண்ணை எனக்குத் தெரியாது. அப்படி ஒருத்தி பூமியில் பிறந்திருக்க வாய்ப்பும் இல்லை.

"நானே எழுதறேன் கண்ணு. ஆனா கொறையும் சேத்துத்தான் எழுதுவேன், பரவால்லையா?" என்றேன்.

முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் நம்மூர்ப் பெண் அல்லவா, முடியாது என்று சொல்வாளா? "செரிங்க ஆன்ட்டி, யோசிச்சுட்டு வாரேனுங்க" என்று படியிறங்கிப் போய்விட்டாள். திரும்ப வரமாட்டாள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பன் மட்டும் மேசைமேல் சூடாக இருந்தது.

சூடான தேங்காய் பன் வாசனை வந்தால் எனக்கு ஸ்பானிஷ் வினைச்சொற்கள் ஞாபகத்துக்கு வரும். சிரிக்காதீர்கள். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில்தான் நாங்கள் ஸ்பானிஷ் படித்தோம். சரியாகப் பதினொரு மணிக்குக் கீழே அடுப்பிலிருந்து பன் தட்டு இறங்கும். அதற்குப் பிறகு மிஸ் என்ன சொன்னாலும் எனக்கு ஏறாது. அதற்கு முன்பும் அதிகமாக ஏறியதில்லை என்பது வேறு விஷயம்.

எனக்கும் ஸ்பானிஷுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அப்போது நான் உடுமலைப்பேட்டை பக்கம் ஒரு கம்பெனியில் இருந்தேன். தேங்காய் நாரை எடுத்த பிறகு உதிரும் தூளைக் காயவைத்து, செங்கல் மாதிரி அழுத்திக் கப்பலேற்றுகிற கம்பெனி. ஸ்பெயின் தேசத்தில் ஸ்ட்ராபெரி போடுகிற விவசாயிகள் மண்ணுக்குப் பதிலாக அதில்தான் செடி வைப்பார்கள். "அவீங்க பாசையிலயே ரெண்டு வார்த்த எழுதுனா நம்ம மேல ஒரு இது வருமுங்க" என்று மேனேஜர் முடிவு செய்து, சனிக்கிழமைதோறும் அலுவலகத்திலிருந்து இரண்டு பேரைக் கோயமுத்தூருக்கு அனுப்பினார். ஒன்று நான். பல்லடத்துக்காரி, வீட்டில் கோழிப்பண்ணை. அந்த வாடையிலிருந்து தப்பிக்க வேலைக்குப் போனவள். இன்னொன்று ஜெயசீலி.

ஜெயசீலிக்கு மதுக்கரை. அவள் தாத்தா காலம்வரை அடுத்தவர் தோட்டத்தில் கூலி. அப்பா சிமெண்ட் மூட்டை ஏற்றுகிறவர். இவள் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு, உடுமலையில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி எங்கள் கம்பெனிக்கு வந்துகொண்டிருந்தாள். என்னைவிட ஏழு வயது சின்னவள். என்னை அக்கா என்பாள். பேருந்தில் கொஞ்ச தூரம் போனதும் 'ங்க' கழன்றுவிடும். "ஏன்க்கா, நீ வீட்டுப்பாடம் செஞ்சயா?" என்று கேட்டுவிட்டு, செய்திருக்க மாட்டேன் என்று தெரிந்து தன் நோட்டை நீட்டுவாள்.

ஆறு மாதத்தில் கண்டெய்னர் எண்ணைக் கேட்கவும், பணம் எப்போது வரும் என்று பணிவாக விசாரிக்கவும் கற்றுக்கொண்டேன். அதோடு நான் நின்றுவிட்டேன், அவள் நிற்கவில்லை. மிஸ்ஸின் கணவர் மெக்சிகோவில் வேலையில் இருந்தபோது மிஸ் அங்கே பத்து வருஷம் இருந்தவர். கொண்டுவந்த புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இருந்தன. ஜெயசீலி ஒவ்வொன்றாக வாங்கிப் போவாள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, பொள்ளாச்சி வரும்வரை தலை நிமிராமல் படிப்பாள்.

ஒருநாள் உடுமலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் ஒன்பது பக்கம் அச்செடுத்துக் கொண்டுவந்தாள். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம். ஸ்பானிஷ், போர்த்துகீசிய மொழிகளில் முதுகலையும் அதற்கு மேல் முனைவர் பட்டமும் வாங்க என்னென்ன வேண்டும் என்று போட்டிருந்தது. ஸ்பானிஷிலேயே பதினைந்து பக்கத்தில் ஒரு கட்டுரை. போர்த்துகீசியம் வாசிக்கத் தெரிய வேண்டும். அவை போக இன்னொரு மொழி. ஐந்தாறு நூற்றாண்டுப் புத்தகங்களின் பட்டியல். சேர்ந்த பிறகு அத்தனையையும் படித்துவிட்டு மூன்று பேராசிரியர்கள் முன்னால் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பதில் சொல்ல வேண்டும். இடம் கிடைத்து உள்ளே போய்விட்டால் படிப்புச் செலவு அவர்களுடையது, பதிலுக்கு அங்கே பாடம் நடத்திக் கொடுக்க வேண்டும். எனக்கு முதல் பக்கத்திலேயே தலை சுற்றியது.

"தாத்தாவுக்குக் காடு. அப்பாவுக்கு மூட்ட. எனக்கு இதுன்னு இருக்கட்டுமே அக்கா" என்றாள்.

அந்த ஒன்பது பக்கத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய சின்ன பைபிள் இருக்கும். இரண்டில் எது அதிகம் கசங்கியிருந்தது என்று எனக்குத் தெரியும். சொன்னால் கர்த்தர் கோபித்துக்கொள்வார்.

போர்த்துகீசியத்துக்கு எங்கே போவது? மிஸ்ஸுக்கே அரைகுறைதான். இவள் தானாகவே படிக்க ஆரம்பித்தாள். "பயப்படாத அக்கா. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, எல்லாம் அவீங்க குடுத்ததுதான். நம்மூட்டுல பாதிச் சாமான் போர்த்துகீசுல இருக்குது" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் ஒரு நாள் பல்லடத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் அம்மா 'வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க' என்று வாய் நிறைய 'ங்க' போட்டாள். எனக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது, அவளுக்குக் காகிதக் கப்பில். ஜெயசீலி கப்பைத் திருப்பிப் பார்த்தாள். "கோப்பையும் அவீங்களுதுதான் அக்கா" என்று மட்டும் சொன்னாள். எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி இருந்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

அந்தக் கூச்சத்தில்தானோ என்னவோ, அவள் விண்ணப்பத்தை நான் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்ய ஆரம்பித்தேன். கட்டுரையை அவளே எழுதினாள், நான்கு மாதம், பன்னிரண்டு தடவை திருத்தி. மீதி வேலையெல்லாம் என்னுடையது. அதில் முக்கியமானது மூன்று சிபாரிசுக் கடிதங்கள். அவளை நன்றாக அறிந்த மூன்று பேர் தனித்தனியே எழுத வேண்டும், மாணவர் அதைப் பார்க்கக் கூடாது என்று விதி.

நம்மூரில் சிபாரிசுக் கடிதம் எப்படி எழுதப்படுகிறது என்று உங்களுக்குத் தெரியாதா? அவளுடைய கல்லூரிப் பேராசிரியரிடம் போனோம். "நீங்களே எழுதிட்டு வாங்க கண்ணு, கையெழுத்துப் போட்டுத் தாரேன். மெயிலு கியிலெல்லாம் எனக்கு வராது, அதையும் நீங்களே பாத்துக்கங்க" என்றார். மேனேஜரும் அதேதான், கூடவே டீ வரவழைத்தார். யாரும் முடியாது என்று சொல்லவில்லை, யாரும் எழுதவும் இல்லை. நான் எழுதினேன். ஜெயசீலி விதியை மதித்து, திரையைப் பார்க்காமல் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

மிஸ் மட்டும் தானே எழுதுவேன் என்றார். ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, கோடு போட்ட தாளில் ஸ்பானிஷில் ஒன்றரைப் பக்கம் கையால் எழுதி, உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார். "எனக்கு இந்த ஸ்கேனிங் எல்லாம் தகராறும்மா. நீங்களே ஏத்தி உட்டுருங்க. அவ பாக்கக் கூடாது" என்றார்.

அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

எனக்குத் தெரிந்த கண்டெய்னர் ஸ்பானிஷை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டினேன். இலக்கணத்தில் இன்னும் தவறு செய்கிறாள். உச்சரிப்பு சரியில்லை, பேசுகிறவர்களோடு அதிகம் பழகவில்லை. கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்குகிறாள். முதல் பாதி பூராவும் இதுதான். பெண் கேட்டு யாராவது விசாரித்தால், பத்து வருஷமாகப் பேசாத பங்காளியின் பிள்ளையையும் தங்கமான பிள்ளை என்று சொல்கிற ஊரில் வளர்ந்தவள் நான். குறையை எழுத்தில் வைப்பதா? அதுவும் இந்தப் பெண்ணுக்கு? இரண்டாவது பாதியை நான் சரியாகப் படிக்கக்கூட இல்லை.

மறுநாளே கடைசி நாள். மிஸ்ஸிடம் கேட்டால் வருத்தப்படுவார் என்று கேட்கவில்லை. அவர் பெயரில் நானே ஒரு கடிதம் அடித்தேன், ஆங்கிலத்தில். அவர் கடிதத்தை ஸ்கேன் செய்து, கையெழுத்தை மட்டும் வெட்டிக் கீழே ஒட்டினேன். அலுவலகக் கம்ப்யூட்டரில் மூன்று பேர் பெயரிலும் மூன்று மின்னஞ்சல் முகவரி தொடங்கி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் மூன்று கடிதத்தையும் ஏற்றிவிட்டேன். பெரிய காரியம் சாதித்தவள் மாதிரி அன்று ஜெயசீலிக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

என் புத்தியை என்ன சொல்வது? ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தவர் ஸ்பானிஷ் துறைக்கு ஆங்கிலத்தில் எழுதுவாரா என்று எனக்குத் தோன்றவில்லை. 'காலையில் முதலில் வருவாள், மாலையில் கடைசியாகக் கிளம்புவாள்' என்ற வரி மூன்றிலும் இருந்தது. எங்கள் அலுவலகத்தை விட்டு அவள் கடைசியாகக் கிளம்புவதைக் கல்லூரிப் பேராசிரியர் எங்கிருந்து பார்த்தார் என்றும் தோன்றவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. மூன்று கடிதங்களையும் ஒரே ஆள் எழுதியிருப்பதாகக் குழு கருதுகிறது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்க இயலாது. இனியும் இந்தத் துறைக்கு விண்ணப்பிக்க முடியாது. அவள் கட்டுரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதை அவர்கள் திறந்தார்களா என்றே தெரியவில்லை.

ஜெயசீலி அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. அந்த மின்னஞ்சலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணுமாக்கா? மிஸ்ஸும் உன்னையத்தான் எழுதச் சொல்லிப்போட்டாங்களா?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. இல்லை என்றால் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். தலையை ஆட்டினேன். ஆமாம் என்பது மாதிரி ஒரு ஆட்டு.

"செரி, உடுங்க அக்கா" என்றாள். 'ங்க' திரும்பி வந்திருந்தது. அதற்குப் பிறகு போகவே இல்லை.

வேறு பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன என்று அடுத்த மாதம் எடுத்துச் சொன்னேன். "மிஸ்ஸுக்கே எனக்கோசரம் ஒரு பக்கம் எழுதத் தோணுலீங்க. வேற யாருக்குங்க தோணும்?" என்றாள். சனிக்கிழமை வகுப்பை நிறுத்திவிட்டாள். மிஸ் இரண்டு தடவை என்னிடம் விசாரித்தார். வீட்டில் ஏதோ சிரமம் என்று சொல்லி வைத்தேன். பொய்க்கு எனக்குப் பஞ்சமே இல்லை.

பிறகு எல்லாமே ஒவ்வொன்றாகப் போனது. கம்பெனியில் வரும் கடிதங்களைக் கம்ப்யூட்டரே மொழிபெயர்க்க ஆரம்பித்ததும் ஸ்பானிஷுக்கென்று இருந்த எங்கள் இரண்டு நாற்காலியும் கணக்குப் பிரிவுக்குப் போயின. ஜெயசீலி வேலையை விட்டு மதுக்கரைக்கே போனாள். இப்போது ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ் அடித்துக் கொடுக்கிறாள். கல்யாணமாகி ஒரு பையன் இருக்கிறான். மிஸ் மகளோடு போய்ப் பெங்களூரில் இருந்தார். அங்கேயே காலமானார் என்று யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். பேக்கரி இருந்த இடத்தில் நான்கு மாடிக்குச் செல்போன் கடை நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பன்னைப் பிய்க்காமல், அலமாரியைத் திறந்து பழைய ஸ்பானிஷ் அகராதியை எடுத்தேன். மிஸ் கொடுத்த உறை அதற்குள்தான் இருந்தது. இந்தத் தடவை இரண்டாவது பாதியையும் படித்தேன். ஒரு மத்தியானம் பூராவும் ஆனது. என் முப்பது வருஷ ஆசிரியர் வாழ்க்கையில் வாசிப்பதற்காகவே பிறந்தவளாக இவள் ஒருத்தியைத்தான் பார்த்தேன் என்று எழுதியிருந்தார். நான் தவறாக வாசித்துவந்த ஒரு கவிதையை எனக்கே புரியவைத்தாள் என்று எழுதியிருந்தார். கடைசி வரி இது: 'இவளுடைய குறைகளை முதலில் எழுதியிருக்கிறேன், அதற்குப் பிறகு நான் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காக.'

ஜெயசீலிக்குப் போன் போட்டேன். "ஏனுங்க அக்கா, நல்லாருக்கீங்களா? அம்மா சவுரியமா இருக்காங்களா?" என்றாள். மிஸ்ஸைப் பற்றிப் பேச்சை எடுத்தேன். "அதெல்லாம் இப்ப எதுக்குங்க அக்கா? அவீங்களும் போய்ச் சேந்துட்டாங்களாமா. குக்கர் கூப்புடுதுங்க, வெச்சரட்டுங்களா?" என்றாள். வைத்துவிட்டாள்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். இருக்கிறது. பதினைந்து பக்கக் கட்டுரை, புத்தகப் பட்டியல், மூன்று கடிதங்கள், எல்லாம் அப்படியே இருக்கின்றன. மேலே மட்டும் புதிதாக ஒரு வரி: இந்தப் படிப்புக்கு இனி மாணவர்கள் சேர்க்கப்பட மாட்டார்கள்.

மிஸ்ஸின் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தேன். எழுதியவர் இல்லை, போய்ச்சேர வேண்டிய இடமும் இல்லை. யாரைப் பற்றி எழுதினாரோ அவளுக்கு இப்படி ஒரு கடிதம் இருப்பதே தெரியாது.