சுகாதார மந்திரியின் அப்பா

ஐந்தாம் வகுப்பில் நான் மந்திரியாக இருந்தேன். சிரிக்காதீர்கள். சென்னையில் ஆட்சி மாறியிருந்த சூட்டில் எங்கள் பள்ளிக்கூடத்திலும் ஒரு மந்திரிசபை அமைத்திருந்தார்கள். உணவு மந்திரி மதியச் சாப்பாட்டு வரிசையை ஒழுங்குபடுத்துவான். விளையாட்டு மந்திரியிடம் ஒரே ஒரு பந்து இருந்தது, அதிலும் காற்று நிற்காது. நான் சுகாதார மந்திரி. காலையில் மணி அடித்ததும் எல்லோரையும் "ஈ" காட்டச் சொல்லி, பல் விளக்காதவர்களை வாய்க்காலுக்கு விரட்ட வேண்டும். கூலிக்காரத் தெருப் பெண் ஒருத்தி மிராசுதார் வீட்டுப் பேரனையே "வாயைத் திற" என்று அதட்டலாம் என்றால் சும்மாவா? எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வருஷம் தஞ்சாவூரிலிருந்து பல் டாக்டர்கள் ஒரு வேனில் வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு பொட்டலம் ரோஸ் நிறப் பற்பொடி. காலையும் ராத்திரியும் விளக்க வேண்டும், ஈறை விரலால் மெல்லத் தேய்த்துவிட வேண்டும், எதைத் தின்றாலும் வாய் கொப்பளிக்க வேண்டும், செங்கல்பொடி பக்கமே போகக் கூடாது, புகையிலை ஈறைத் தின்றுவிடும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். "மந்திரியம்மாவுக்குப் பல்லு முத்துப்பல்லு" என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டார். அன்று முழுக்க நான் வாயை மூடவேயில்லை.

மத்தியானம் பெற்றோர்களைக் கூப்பிட்டார்கள். அப்பா வந்து வரிசையில் நின்றார். சிறுபிள்ளையாகப் பண்ணையில் மாடு மேய்க்கப் போன நாளிலிருந்து கன்னத்தில் புகையிலை அடக்கிப் பழகியவர். அடக்கிக்கொண்டால் பசி தெரியாதாம். காலையில் கையில் கிடைத்த செங்கல்பொடியைப் போட்டு நறநறவென்று தேய்ப்பார், துப்பினால் ரத்தம் வரும். அது எல்லோருக்கும் வருவதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பதவிக்குத் தக்கபடி நான் டாக்டருக்குப் பக்கத்தில் கொப்பளிக்கும் தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தேன். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். டாக்டர் குனிந்தார். குனிந்தவர் சட்டென்று தலையைப் பின்னால் இழுத்து, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"அடேயப்பா! மொகத்த கொஞ்சம் அந்தாண்ட திருப்புங்க பெரியவரே" என்றார்.

அப்பாவுக்கு அப்போது நாற்பது கூட ஆகவில்லை. வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஈறெல்லாம் சீழ் வைத்திருக்கிறது, நாலைந்து பல்லை எடுக்க வேண்டும், தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றார் டாக்டர். அப்பா தலையாட்டினார். என்னைப் பார்க்கவில்லை. நானும் சொம்புக்குள் இருந்த தண்ணீரைத்தான் பார்த்தேன். என் மானமே போய்விட்டதென்று இருந்தது. ஊர்ப்பிள்ளைகளின் பல்லையெல்லாம் பார்க்கிறவளுக்கு இப்படி ஒரு அப்பாவா!

அப்பா தஞ்சாவூருக்குப் போகவில்லை. அறுவடை நெருங்கிவிட்டது, கூலித் தகராறும் முற்றிவிட்டது. ஆனால் அதற்கப்புறம் என் பற்பொடிப் பொட்டலம் நாளுக்கு நாள் இளைக்க ஆரம்பித்தது. எலி தின்கிறது என்று அம்மா சொன்னாள். ரோஸ் பொடி தின்னும் எலியை உலகத்தில் யார் பார்த்திருக்கிறார்கள்? ஒருநாள் விடிகாலையில் வாய்க்கால் படியில் அப்பாவின் ஆள்காட்டி விரல் ரோஸாக இருந்ததைப் பார்த்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைத் தூக்கி உத்தரத்தில் செருகி வைத்தேன். அப்பாவுக்கு உத்தரம் எட்டும் என்பது அப்போது தோன்றவில்லை.

கூலித் தகராறைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் அதுவரை ஒரு வழக்கம் இருந்தது. மிராசுதார் முன்னால் கூலியாள் பேசுவதென்றால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேச வேண்டும். எங்கள் மூச்சு அவர்கள் மேல் பட்டுவிடக் கூடாதாம். கூலியாட்கள் சங்கம் வந்து முதலில் ஒழித்தது அதைத்தான். "துண்டு தோள்ல கெடக்கணும், கை தொடையில கெடக்கணும்" என்று அம்மாவின் தம்பி, என் மாமா, தெருத்தெருவாகச் சொல்லிக்கொடுத்தார். அதற்காக அடிபட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். மாமாவின் புருவத்தில் இருந்த வெட்டு அப்படி வந்ததுதான்.

அறுவடைக் கூலியைக் கூட்டித் தர வேண்டும், இல்லாவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று சங்கம் நின்றது. வெளியூர் ஆளைக் கொண்டுவந்து அறுத்துக்கொள்வேன் என்றார் மிராசுதார். கடைசியில் தாசில்தார் ஜீப்பில் வந்தார். பேச்சுவார்த்தை எங்கள் பள்ளிக்கூடத்திலேயே. எங்கள் தரப்பில் பேச அப்பாவைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மாமா பேசினால் கோபம் வந்துவிடும், அப்பா பேசினால் கணக்கு வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"மொத மொறையா பெஞ்சில சரிக்குச் சரியா ஒக்காந்து பேசப்போறோம் மச்சான். சும்மா கணீர்னு பேசுங்க" என்றார் மாமா. அப்பா அன்று விடியும் முன்பே வாய்க்காலுக்குப் போய், வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். உதட்டோரம் ரத்தம் கசிந்திருந்தது.

நாங்கள் பிள்ளைகளெல்லாம் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தோம். தெருவே வெளியில் நின்றது. தலைமை ஆசிரியர் நாற்காலியில் தாசில்தார், அவருக்கு அந்தப் பக்கம் மிராசுதார், இந்தப் பக்க பெஞ்சில் அப்பாவும் மாமாவும். துண்டு தோளில், கை தொடையில். அப்பா பேச ஆரம்பித்தார். எத்தனை பேர் அறுக்கிறோம், எத்தனை நாள் வேலை, கூலி நெல் எதுவரைக்கும் வருகிறது என்று அழகாக எடுத்துச் சொன்னார். எனக்கு அவ்வளவு பெருமை. பக்கத்தில் தொங்கியவளை முழங்கையால் இடித்துக்கூடக் காட்டினேன்.

"கொஞ்சம் கிட்ட வாங்க, காதுல விழல" என்று தாசில்தார் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, முகத்தை நீட்டிக் குனிந்தார். அப்பாவின் பேச்சு நின்றது. தொடையில் கிடந்த கை எழும்பி வந்து வாயைப் பொத்திக்கொண்டது.

மிராசுதார் சிரித்தார். "பாத்தீங்களா சார்? எங்களுக்குள்ள அந்த மரியாதை எங்கயும் போகல. நடுவுல வந்தவங்கதான் கலைக்கப் பாக்குறாங்க."

"கைய எடுங்க மச்சான்" என்றார் மாமா பல்லைக் கடித்துக்கொண்டு.

அப்பா எடுக்கவில்லை. பொத்திய கைக்குள்ளேயே மீதியையும் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டதில் ஒரு படி குறைக்கவில்லை, ஒரு சொல் பணியவில்லை. ஆனால் அது யார் காதிலும் ஏறவில்லை. எல்லோரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மாமா எழுந்து கத்திப் பேசியதில், மிராசுதார் ஏதோ கொஞ்சம் கூட்டித் தர ஒப்புக்கொண்டார். கேட்டது கிடைக்கவில்லை.

அன்று தெருவே எங்கள் வாசலில் கூடியது. மாமாவின் குரல் உடைந்துபோயிருந்தது. "நம்ம அப்பன் பாட்டன் பொத்துன வாயி மச்சான் அது! அதத் தொறக்கத்தான இத்தன பேரு அடிவாங்குனோம்? என்னாத்துக்குப் பொத்துனீங்க? அவன கண்டு பயந்துட்டீங்களா?"

அப்பா தரையைப் பார்த்தபடி, "பழக்கம்ப்பா. கை தானா போயிடிச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அம்மா உள்ளே போய் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் "ஈ காட்டு" என்றேன். மிராசுதாரின் பேரன் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, முதுகை வளைத்து, "உத்தரவு மந்திரியம்மா" என்றான். வகுப்பே சிரித்தது. எங்கள் தெருப் பிள்ளைகளும் சிரித்தார்கள், அதுதான் தாங்கவில்லை. அதற்கப்புறம் நான் யார் பல்லையும் பார்க்கவில்லை.

சங்கத்தில் அப்பாவைப் பிறகு யாரும் பேசக் கூப்பிடவில்லை. வீட்டிலும் பேச்சு குறைந்தது. என்னோடு பேச வேண்டுமென்றால் துண்டின் நுனியை வாயில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி நின்று பேசுவார். பயம் இவருக்கு எலும்பு வரை ஊறிவிட்டது, பெற்ற பெண்ணிடம்கூடப் பயம் என்று நினைத்துக்கொள்வேன். பல் ஒவ்வொன்றாகத் தானே விழுந்தது. அவர் போகும்போது வாயில் ஒன்றும் இல்லை.

போன மாதம் எனக்கு ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. மருமகள் பிடிவாதமாகத் தஞ்சாவூரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனாள். டாக்டர், என் பேத்தி வயசுப் பெண். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது, ஏன் முன்னாடியே வரவில்லை, ஈறு கெட்டால் நல்ல பல்லும் ஆடிப்போகும் என்று பேசிக்கொண்டே விளக்கை இழுத்து, என் முகத்துக்குக் கிட்டே குனிந்தாள்.

"கைய எடுங்கம்மா" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். என் கை என் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. அந்த அறையில் மிராசுதார் யாரும் இல்லை.

ஜன்னலில் தொங்கிய அந்தச் சுகாதார மந்திரிக்கு எல்லாமே தெரிந்திருந்தது. டாக்டர் தலையைப் பின்னால் இழுத்ததை அவள் பார்த்தாள். ரோஸ் விரலைப் பார்த்தாள். தாசில்தார் முகத்தை நீட்டிக் குனிந்ததையும் பார்த்தாள். வாய் நாறுகிறது என்று சொல்வதைவிட, பயந்துவிட்டான் என்று ஊர் சொல்லட்டும் என ஒரு மனுஷன் இருந்துவிடக்கூடும் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியவில்லை.

"எடுங்கம்மா, ஒண்ணும் ஆவாது" என்றாள் டாக்டர் மறுபடியும். எடுக்க எனக்கு வெகுநேரம் ஆனது.