உஷ்! பாடம் நடக்கிறது

அந்த வீட்டில் பள்ளிக்கூடம் சாப்பாட்டு மேஜையில்தான் நடந்தது. தலைமையாசிரியை, வகுப்பாசிரியை, மணியடிப்பவர், தண்டனை தருபவர் எல்லாம் ஒரே ஆள்: இரண்டு பெண் பிள்ளைகளின் அம்மா. பெரியவள் முதல் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் அவளைக் கூட்டிவரப் போன இடத்தில், வகுப்பு முழுக்கப் பிள்ளைகள் வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். ஆசிரியை மட்டும் கைப்பேசியில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். "பொம்பளப் புள்ளைய வாய மூட வைக்கிறதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு? அதுக்குத்தான் சொந்தக்காரங்க எல்லாரும் இருக்காங்களே" என்று வாசலிலேயே கேட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவள்தான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அன்று தொடங்கி அவர்கள் வீட்டுப் பாடம் தெருவுக்கே கேட்கும். வாய்ப்பாட்டை மாடிப்படியில் குதித்துக்கொண்டே கத்த வேண்டும். அரசர்கள் சண்டை போட்டால் நாற்காலிகள் கவிழும். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வங்கிக்காரர், இந்த வயதில் பதினாறாம் வாய்ப்பாடு தனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது என்று ஒரு நாள் வந்து சொன்னார். அது பாராட்டா புகாரா என்று அவள் கேட்கவில்லை. இரண்டையுமே காதில் போட்டுக்கொள்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

அப்படிப்பட்டவள் மூன்றாவது முறை கருவுற்றாள். ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. ஆண் குழந்தை. மருத்துவமனையிலிருந்து வெறுங்கையோடு வந்தவள், நேராகப் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆறுதல் சொல்கிறவர்கள் விடுவார்களா? ஆளுக்கொரு பை ஆரஞ்சோடு வந்தார்கள். "நல்ல வேள, மூஞ்சியப் பார்த்துப் பழகுறதுக்கு முன்னாடியே போயிடுச்சு" என்றாள் ஒருத்தி. ஆனால் அம்மா அந்த முகத்தைப் பார்த்திருந்தாள். நர்ஸ் துணியை விலக்கிக் காட்டியிருந்தாள். அப்படியே பெரியவளின் மூக்கு. "அதான் ரெண்டு இருக்கே, அதுங்கள பாரு" என்றாள் இன்னொருத்தி, மூன்று குடை வாங்கி ஒன்றைப் பஸ்ஸில் தொலைத்துவிட்டவளிடம் சொல்வது போல. பழைய ஆளாக இருந்திருந்தால், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பாள். இப்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். வந்தவர்களும், "பாவம், எவ்வளவு பக்குவமா எடுத்துக்கிட்டா" என்று சொல்லிக்கொண்டே, தாங்கள் கொண்டுவந்த ஆரஞ்சில் ரெண்டை உரித்துத் தின்றுவிட்டுப் போனார்கள்.

பள்ளிக்கூடம் கணவர் கைக்குப் போனது. அவர் கார் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியர். தொழிலே கத்துவதுதான். பயிற்சிக் காரில் அவர் கால் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் எதிரே வரும் லாரியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டால், இவர் "பிரேக்கு! பிரேக்கு!" என்று அலறிக்கொண்டே தன் பிரேக்கை மிதிப்பார். அந்த மனிதர் காலை வகுப்புகளை விட்டுவிட்டு, பிள்ளைகளை மேஜைக்கு முன்னால் நிறுத்தி, முதல் உத்தரவு போட்டார்.

"அம்மாவுக்கு ரெஸ்ட் வேணும். இனிமே இந்த வீட்ல ஒரு சத்தம் வரக்கூடாது. புரியுதா?"

"புரியுது" என்று கத்தினாள் சின்னவள். அவருடைய வலது கால் தானாகத் தரையை மிதித்தது.

அன்றிலிருந்து வாய்ப்பாடு உதட்டளவில் நடந்தது. அரசர்கள் கிசுகிசுத்துப் போர் தொடுத்தார்கள், தோற்றவன் சத்தமில்லாமல் செத்தான். அழைப்பு மணியின் ஒயரை அவர் பிடுங்கிவிட்டார். குக்கர் விசில் அடிக்கப் போகும் நொடியில் ஓடிப்போய் அடுப்பை அணைத்ததால், சோறு தினமும் அரைவேக்காடு. பிள்ளைகள் வீட்டுக்குள் காலுறை போட்டு நடந்தார்கள். சின்னவள் தும்மினால் மேஜைக்கு அடியில் அவர் பிரேக் போடுவார். தும்மல் நின்றதில்லை, ஆனாலும் மனிதர் மிதிப்பதை விடவில்லை.

கதவுக்கு உள்ளே அவளும் சும்மா இல்லை. பிள்ளைகள் பாடம் படிக்கிற நேரம், அம்மா அழுவது கேட்டால் படிப்பு கெடும் என்று துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அழுகை அடங்கியதும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். வெளியே குசுகுசுவென்று பேச்சு நடக்கும். தண்ணீர் குடிக்கக் கதவைத் திறந்தால், சட்டென்று நின்றுவிடும். மூன்று பேரும் மேஜையைப் பார்ப்பார்கள். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. பிறகு, நான் இல்லாமலே இவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்றும் பட்டது. தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொள்வாள்.

ஆக, உள்ளே ஒருத்தி வெளியே கேட்கக் கூடாது என்று அழுதாள். வெளியே மூன்று பேர் உள்ளே கேட்கக் கூடாது என்று வாழ்ந்தார்கள். இவ்வளவு கெட்டிக்காரக் குடும்பத்தை விளக்குப் போட்டுத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. இப்படியே ஒரு மாதம் ஓடியது.

ஒரு சனிக்கிழமை நாத்தனார் வந்தார். கணவருக்கு அக்கா, பெரிய பள்ளிக்கூடம் ஒன்றின் தலைமையாசிரியை. அழைப்பு மணி அடிக்காததால் கதவைத் தட்டினார். அந்த வீட்டில் ஒரு மாதம் கழித்துக் கேட்ட முதல் சத்தம் அதுதான். அவருக்கு மெல்லப் பேச வராது, வரவேண்டிய அவசியமும் வாழ்க்கையில் ஏற்பட்டதில்லை.

"ரெண்டு பேருக்கும் யூனிஃபார்ம் கொண்டாந்துட்டேன். திங்கட்கிழமைலேருந்து என் ஸ்கூலுக்கு வரட்டும். எத்தன நாளைக்குத்தான் இப்படி வச்சிருப்பே?"

"சரிக்கா" என்றார் கணவர், கிசுகிசுப்பாக.

அந்தச் "சரிக்கா" கதவைத் தாண்டி வந்து அவளைத் தூக்கி உட்கார வைத்தது. ஒருத்தன் வராமலே போய்விட்டான். இந்த இரண்டும் போய்விட்டால் பகல் முழுக்க அவளும் அந்தச் சுவரும்தான். பயந்துபோனாள். பயம் வந்தால் அவளுக்குக் கோபமாகத்தான் வரும். தலைகூட வாரவில்லை, கசங்கிய நைட்டியோடு வெளியே வந்தாள்.

"யாரைக் கேட்டு அண்ணி யூனிஃபார்ம் எடுத்தீங்க?"

"யாரைக் கேக்கணும்? நீதான் கதவச் சாத்திட்டுப் படுத்துட்டியே."

"படுத்தா என்ன, செத்தா போயிட்டேன்? வாயில விரல் வச்சு உக்கார வைக்கிற எடத்துக்கு எம் புள்ளைங்கள அனுப்ப மாட்டேன். அன்னிக்கும் சொன்னேன், இன்னிக்கும் அதேதான்." கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்களும் சரிக்கான்னு தலையாட்டுறீங்க! அக்கா கெணத்துல குதிக்கச் சொன்னா, எந்தக் கெணறுன்னு கேப்பீங்களா?"

ஒரு மாதப் பேச்சு ஒரே மூச்சில் வந்தது. நாத்தனார் யூனிஃபார்ம் பையை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்று அவள் மூச்சு விட்ட நேரத்தில், மேஜைக்குப் பின்னாலிருந்து பெரியவள் சொன்னாள்:

"அத்தைக்கு நான்தாம்மா போன் பண்ணேன்."

"நீயா? ஏன்டி?"

"அங்க இன்டர்வெல் விடுவாங்க. இன்டர்வெல்லயாவது கத்தலாம்ல? இங்க நாள் பூரா வாயில விரல்தாம்மா."

சின்னவள் எட்டி அம்மாவின் காதருகே வந்து, ஒரு பெரிய ரகசியத்தைச் சொல்வது போல, "எனக்கு ஏழாம் வாய்ப்பாடு மெதுவாத்தாம்மா தெரியும். சத்தமா தெரியாது" என்றாள்.

அவள் கணவரைப் பார்த்தாள்.

"டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொன்னாரே" என்றார் அவர்.

"என்னைய ரெஸ்ட் எடுக்கச் சொன்னாரு. உங்கள ஊமையாகச் சொன்னாரா?"

"நீ தூங்குறேன்னு நெனச்சேன்."

"தூங்கவா? நான் தூங்கி எத்தன நாளாச்சு! துண்ட வாயில அடைச்சுக்கிட்டு அழுதுட்டிருந்தேன். புள்ளைங்க படிக்குதே, படிப்பு கெட்டுடக் கூடாதேன்னு…"

அழுகை வந்தது, துண்டு இல்லாமல். வயிற்றிலிருந்து கிளம்பி வீடு அதிர வந்தது. கணவரின் வலது கால் தரையை மிதித்தது, பழக்கதோஷத்தில் உதடும் "உஷ்" என்றது. நாத்தனார் தம்பியின் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார். "டேய், அவளை அழ விடுடா." அந்தம்மா வாழ்க்கையில் சொன்ன உருப்படியான வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டில் டிவி சத்தம் குறைந்தது. வங்கிக்காரர் காதைச் சுவரில் ஒட்டியிருப்பார்.

அழுது ஓய்ந்து, நைட்டியிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். நாத்தனார் கையில் பை இன்னும் தொங்கியது.

"இத இங்க வைக்கவா, எடுத்துட்டுப் போகவா?"

"இங்கயும் கத்தலாம்னா நான் போகல" என்றாள் பெரியவள்.

"கத்துடி. எவ்வளவு வேணும்னாலும் கத்து. யாரு கேக்கப் போறா?" அம்மாவுக்குச் சிரிப்புக்கூட வந்துவிட்டது. படியில் குதிக்கப் போகிறாள், பதினாறாம் வாய்ப்பாடு வரப்போகிறது என்று நினைத்தாள்.

பெரியவள் மூச்சை இழுத்தாள்.

"எங்களுக்கும்தான் தம்பி செத்துப்போனான்! ஒரு மாசமா எங்க மூஞ்சிய ஏம்மா பாக்கல?"

அம்மாவுக்குத் தன் மேலேயே வெறுப்பாக வந்தது. பெரியவளின் முகத்தைப் பார்த்தாள். அந்த மூக்கு அங்கேயேதான் இருந்தது. அதைப் பார்க்கப் பயந்துதான் இத்தனை நாளும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

நாற்காலியை இழுத்துப் பெரியவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"தப்புதாண்டி. என் தப்புதான். இன்னும் இருக்கா?"

"நெறைய இருக்கு."

"கத்து. பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்."

பெரியவள் ஆரம்பித்தாள். சின்னவள், அடுத்தது தன் முறை என்பதற்காக, கையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.