எதிர்வீட்டுச் சாட்சி

நான் தாலுகா ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். சங்கரன்கோவிலைச் சுற்றி, திருவேங்கடம், மேலநீலிதநல்லூர் என்று ஊர்ப்பட்ட ஆட்களுக்கு இருப்பிடச் சான்றிதழ் அடித்துக் கொடுத்திருக்கிறேன். நான் இந்த ஊரில்தான் இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டபோதுதான் அந்தப் பாடு தெரிந்தது.

சிங்கப்பூரில் இருக்கும் என் ஒரே மகளுக்குத் தலைப்பிரசவம். வேலையை விட்டுவிட்டு இங்கே வர முடியாது என்றுவிட்டாள். தலைப்பிரசவம் பார்ப்பது பெற்றவள் கடமையல்லவா? சரி, தாய்வீடே அவளிடம் போகட்டும் என்று ஏழாம் மாதத்திலேயே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். திருநெல்வேலிக்கு பஸ் ஏறிப் போய், விரல் ரேகை வைத்து, போட்டோ எடுத்துத் திரும்பினேன். இனி போலீஸ்காரர் வீட்டுக்கு வருவார், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார், அவ்வளவுதான் என்றார்கள்.

அந்த அக்கம்பக்கம்தான் என்னிடம் இல்லை. கணவர் இறந்த பிறகு என் வாசலை மிதித்தவர்கள் பால்காரரும் கேஸ் போடுகிறவரும்தான். எதிர்வீட்டுக்கு வாடகைக்கு வந்திருந்த பெண்ணோடு கோலம் போடும்போது ஒரு சிரிப்பு, அதோடு சரி. சில நாள் டிவியை அணைத்துவிட்டு எதையாவது சொன்னால் என் குரலே எனக்குப் புதிதாக இருக்கும். இந்த லட்சணத்தில் அவளிடம் போய், போலீஸ் வந்தால் என்னைப் பற்றிச் சொல்லு என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்கவில்லை.

பிரசவ லேகியத்துக்குச் சரக்கு வாங்கக் கடைத்தெருவுக்குப் போன அன்று போனை சார்ஜில் போட்டுவிட்டு மறந்து போய்விட்டேன். திரும்பி வந்தால் எதிர்வீட்டுக்காரி மூச்சிரைக்க ஓடி வருகிறாள்.

"யக்கா, உங்களத் தேடி போலீசு வந்துச்சு. பயப்படாதிய. அவுக வீட்டக் காலி பண்ணிட்டு எங்கயோ போயிட்டாகன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் செத்துவிட்டது. அதற்குள் அந்த முகவரியில் ஆள் இல்லை என்று அறிக்கை போய்விட்டது. மறு விசாரணைக்கு மனு எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். கூப்பிடாமலே அவளும் வந்தாள்.

"போலீஸ்ட்ட பொய் சொல்லலாமாம்மா?" என்று ரைட்டர் அதட்டினார்.

"தனியா இருக்க பொம்பளையத் தேடி நீங்க வந்தா, நாங்க என்ன சார் சொல்லுவோம்?" என்றாள். ரைட்டர் மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்.

அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நான் தனியாக இருப்பதை ஒருத்தி பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் வரும்போது இரண்டு பேரும் டீ குடித்தோம்.

மறு விசாரணை இழுத்துக்கொண்டே போனது. ஆள் வந்தார், கேட்டார், எழுதினார், போனார். பிள்ளைக்கு என்ன அவசரமோ, நாள் இருக்கும்போதே பிறந்துவிட்டது. வீடியோ காலில் மகள் பேத்தியைக் காட்டினாள். பிள்ளை சம்பந்தியம்மாள் மடியில் கிடந்தது. அவர்களிடம் பாஸ்போர்ட் இருந்தது, ராத்திரி சொன்னதும் காலையில் ஏறிப் போய்விட்டார்கள்.

"பிள்ளைய யாரு குளிப்பாட்டுதா?" என்று கேட்டேன்.

"அத்தைதாம்மா. அவ்வளவு பதனமா குளிப்பாட்டுதாங்க. இனி ஒண்ணும் அவசரமில்ல, நீ மெதுவா வா."

"சரி மக்கா" என்றேன்.

அந்த வாரமே பாஸ்போர்ட் வந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன பிறகு, கட்டிலில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். தலைப்பிரசவத்துக்கு உதவாத அது, பத்து வருஷத்துக்குச் செல்லும் என்று போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.