நாலு சக்கரத்தோட ஊட்டுக்கு வரணும்

டயரு கடைக்கு எவனும் சிரிச்ச மூஞ்சியோட வந்ததில்ல. ஒருத்தன் கோவத்துல வருவான், ஒருத்தன் வண்டிய தள்ளிக்கினு வந்த மூச்சிறைப்புல வருவான். நீங்களும் என்னிக்காவது உச்சி வெயில்ல, ஸ்டெப்னிலயும் காத்து இல்லாம நடு ரோட்டுல குந்திக்கினு இருந்தவங்க தானே? அப்ப நீங்களும் நம்ம ஆளு தான். இத்த படிச்சா உங்களுக்குப் புரியும். புரியலன்னாலும் பரவால்ல, எனக்கே பாதி புரியல.

நாலாங் கிளாசுக்குப் போவறதுக்குள்ள எனக்கும் வாத்தியாருக்கும் ஒத்துக்கல. அப்பால காத்து அடிக்கிற வேலைக்கு வந்துட்டேன். கும்மிடிப்பூண்டி ரோட்டுல, கவரப்பேட்டைக்கு இந்தாண்ட கடை. நானும் ரஹீம் பாயும் கூட்டு. லாரி டயரு, பஸ் டயரு, மாட்டு வண்டிக்குப் போடற பழைய டயரு, எதக் கொண்டாந்தாலும் கண்ண மூடிக்கினு மாட்டுவோம். டயருன்னா நமக்குத் தெரியாதது ஒண்ணுமில்லன்னு மெதப்புல இருந்தோம், அந்த செவப்பு காரு வர வரைக்கும்.

முட்டி ஒசரத்துல ஒரு காரு

வெள்ளக்காரன் போயி ஏழெட்டு வருசம் இருக்கும். ஒரு நாள் காலைல அரிசி மில்லு லாரி ஒண்ணு கடை வாசல்ல வந்து நின்னுச்சி. பின்னாடி கயிறு கட்டி ஒரு காரு இஸ்துக்கினு வந்தாங்க. கூரை கெடையாது. ரெண்டு பேரு தான் குந்தலாம். கதவு என் முட்டி ஒசரம். சக்கரம் பூரா சைக்கிளு மாதிரி கம்பி. உள்ள குந்திக்கினு இருந்தவரு பொன்னேரி மில்லுக்காரரு புள்ள தாமு. "ஏன் தம்பி, மீதி காரு பின்னாடி வருதா?"ன்னு கேட்டேன். அவரு சிரிக்கல.

விசயம் இதான். சோழவரத்துல, சண்ட காலத்துல ஏரோப்ளேன் எறங்கறதுக்குப் போட்ட மைதானத்துல கார் பந்தயம் உடறாங்க. தாமு ரெண்டு வாட்டி ஓடியிருக்காரு. ரெண்டு வாட்டியும் பாதியில டயரு வெடிச்சி, மில்லு லாரி போயி தான் இஸ்துக்கினு வந்துச்சி. அவங்க நைனா கண்டிசனா சொல்லிட்டாராம்: "இதான் கடைசி. நாலு டயரும் முழுசா இருக்க பந்தயத்த முடிச்சிட்டு வந்தியா, வண்டி உன்னுது. இல்லியா, அன்னிக்கே வித்துட்டு மில்லுல வந்து குந்து." பந்தயத்துக்கு இன்னும் பதினஞ்சே நாளு.

"இவ்ளோ தானே, மெதுவா ஓட்டிக்கினு போயி முடிச்சிடேன்"னேன். "மெதுவா போறதுக்குத் தான் நைனாவோட லாரி இருக்குதே"ன்னாரு. "சரி, கவலைய உடு, ஜெயிச்சிடலாம்"னு நெஞ்சத் தட்டுனேன். தாமு கையெடுத்துக் கும்புட்டாரு: "மேஸ்திரி, ஜெயிக்க வைங்கன்னு சொல்லல. நாலு சக்கரத்தோட ஊட்டுக்கு வர வைங்க, போதும்."

அடிக்க அடிக்க இறுகுது

லாரி சக்கரம்னா சுத்தி வர நட்டு இருக்கும். இதுல ஒரே நட்டு, நட்ட நடுவுல, மொசலு மாதிரி ரெண்டு காது வெச்சிக்கினு. "காதுல சுத்தியால அடிச்சா கழண்டுக்கும்"னு சொல்லிட்டு தாமு டீ குடிக்கப் போயிட்டாரு.

நமக்குத் தான் தெரியுமே. நம்ம கடைக்கு வர லாரியில இடது பக்கம் எதிர் மரை, அதாவது மறுபக்கமா சுத்துனா தான் கழலும், வலது பக்கம் நேர் மரை. இடது பக்கம் நானு, வலது பக்கம் ரஹீம் பாயி. ஆளுக்கு ஒரு சுத்தி. டங்கு டங்குன்னு அரை மணி நேரம் அடிச்சோம். பாயி தொப்பிய கழட்டி வேர்வைய தொடச்சிட்டு, "ஏம்பா, துரு புடிச்சிக்கினு கீது, மண்ணெண்ண ஊத்து"ன்னாரு. ஊத்தி அடிச்சோம். எனக்கு கையில கொப்புளம். நட்டு மட்டும் பொறந்ததுலேர்ந்து அங்கயே இருக்குற மாதிரி இருந்துச்சி.

டீ குடிச்சிட்டு வந்த தாமு பாத்தாரு. அவரு மூஞ்சி மாறிப் போச்சி. லாரிக்கு இருக்கறது இந்த வண்டியில அப்டியே தலகீழாம். வலது பக்கம் தான் எதிர் மரையாம். எந்தப் பக்கம் கழட்டணும்னு நட்டு மேலயே அம்பு போட்டிருக்குதாம். அத்த நாங்களும் பாத்தோம், அழகுக்குப் போட்டதுன்னு நெனச்சோம். தாமு குனிஞ்சி நட்டத் தொட்டுப் பாத்துட்டு சொன்னாரு: "சக்கரம் கழண்டு ஓடிடும்னு பயந்துக்கினு இருந்தேன் மேஸ்திரி. இனிமே அந்த பயம் இந்த ஜென்மத்துக்கு இல்ல."

மவுண்ட் ரோட்டுல நான் ஊமை

டயரு வாங்க மெட்ராஸு போனோம். மவுண்ட் ரோட்டுல பெரிய கடை, உள்ள போனா ரப்பர் வாசனையே பணக்கார வாசனையா இருந்துச்சி. நான் நேரா போயி ஒரு டயரத் தட்டிப் பாத்து, "இது தான்"னேன். சும்மா எருமத் தோலு மாதிரி இருந்துச்சி. தாமு தலைய ஆட்டிட்டு வேற ஒண்ணக் காட்னாரு. கட்ட வெரலால அமுக்குனேன். பழுத்த தக்காளி மாதிரி உள்ள போவுது. "இதுவா?"ன்னேன். "கெட்டியா இருந்தா ஓடற வேகத்துல சூடு ஏறும், சூடு ஏறுனா வெடிக்கும்"னாரு.

இத்தினி வருசமா கெட்டியா இருந்தா வெடிக்காதுன்னு ஊருக்கே சொல்லிக்கினு இருக்கேன். சரி, போவட்டும். அடுத்தது சக்கரம். ஒண்ணுல நாப்பத்தெட்டு கம்பி, ஒண்ணுல அறுவது கம்பி. இப்ப நான் உசாராயிட்டேன். "கம்மி கம்பி தானே நல்லது?"ன்னேன். இல்லியாம், கம்பி ஜாஸ்தியா இருந்தா தான் பலமாம்! டயருல கம்மி நல்லது, கம்பியில ஜாஸ்தி நல்லது. நான் ஒரு ஸ்டூலு பாத்து குந்திட்டேன். அதுலயும் அறுவது கம்பி சக்கரம் கப்பல்ல தான் வரணும், மூணு மாசம் ஆவும்னுட்டாங்க. பழைய சக்கரத்தையே சரி பண்ணிக்கினு ஓட வேண்டியது தான்.

கடைக்காரரு நாலு தக்காளி டயரையும் கட்டிக் குடுத்தாரு. "எத்தினி மைல் வேகம் தாங்கும்?"னு தாமு பத்து வாட்டி கேட்டுட்டாரு. கெளம்பறப்ப கடைக்காரரு என் காதுல சொன்னாரு: "எத்தினி மாசம் வரும்னு ஒரு வாட்டி கூட கேக்காம டயரு வாங்கற ஆள இன்னிக்கித் தாங்க பாக்கறேன்."

சைக்கிள் கடை கோவிந்தன்

எங்க கடைக்கு எதுத்தாப்ல சைக்கிள் கடை கோவிந்தன். எனக்கும் அவனுக்கும் ஆவாது. "சைக்கிளு எல்லாம் ஒரு வண்டியா"ன்னு நான் சொன்னது அவன் காதுக்குப் போயிடுச்சி. இப்ப கம்பி சக்கரத்த சரி பண்ண அவன உட்டா ஆளு கெடையாது. அம்பு காட்ன பக்கமா அடிச்சிக் கழட்டி, டயர உருவிட்டு, நாலு சக்கரத்தையும் உருட்டிக்கினு நானே ரோட்டத் தாண்டிப் போனேன். அந்த பத்தடி தூரம் மாதிரி ஒரு தூரம் நான் நடந்ததில்ல.

கோவிந்தன் ஒவ்வொரு கம்பியா வெரலால சுண்டிக் காது குடுத்துக் கேட்டான். ரிம்முக்கு உள்ள கைய உட்டுத் தடவுனான். சுருக்குன்னு கைய எடுத்தான், வெரல்ல ரத்தம். கம்பி முனை எல்லாம் உள்பக்கம் முள்ளு மாதிரி நீட்டிக்கினு கீது. அதுக்கு மேல ஒரு ரப்பர் பட்டை போட்டு மூடியிருக்கணும். முன்னாடி டயரு மாத்துனவன் எவனோ பழைய பட்டைய தூக்கி எறிஞ்சிட்டு அப்டியே டியூப மாட்டிட்டான். வண்டி வேகமா ஓட ஓட முள்ளு டியூப குத்திக்கினே இருந்திருக்குது. ரெண்டு வாட்டியும் தப்பு டயரு மேல இல்ல!

தாமு அங்கயே தரையில குந்திட்டாரு. ரெண்டு வருசமா கண்ட கண்ட டயரையும் திட்டிக்கினு இருந்த மனுசன். கோவிந்தன் முள்ளு ஒவ்வொண்ணா அரத்தால ராவுனான். நான் பழைய லாரி டியூப அறுத்து நாலு பட்டை போட்டேன். நானும் அந்த சக்கரத்த கழட்டி கையில வெச்சிப் பாத்தவன் தானே, உள்ள கைய உட்டுப் பாக்கணும்னு எனக்குத் தோணலயே. கோவிந்தன் வெரல்ல துணி சுத்திக்கினே சொன்னான்: "சைக்கிள் பஞ்சருன்னு வந்தா மொதல்ல இத்த தான்பா பாப்போம். நீ பெரிய வண்டிக்காரன், உனக்கு எங்க தெரியப் போவுது."

புதுச தேய்ச்சிக் குடு

இனிமே ஒண்ணியும் கொழப்பம் இல்லன்னு நெனச்சேன். மறுநாளு தாமு வந்து, "புது டயர பாதிக்குத் தேய்ச்சிடுங்க மேஸ்திரி"ன்னாரு. திரும்ப சொல்லச் சொன்னேன். திரும்பவும் அத்தயே சொன்னாரு. மேல ரப்பரு தடிப்பா இருந்தா சூட்டுல பிச்சிக்கினு பறக்குமாம். மெல்லிசா இருந்தா சூடு ஏறாதாம். என் பொழப்பே தேஞ்ச டயருக்கு ரப்பரு ஒட்டறது. என்கிட்ட வந்து இருக்கற ரப்பர வழிச்சி எடுன்னா?

பின் சக்கரத்த ஜாக்கி போட்டுத் தூக்கி, தாமு இஞ்சின ஓட்ட, சுத்தற டயரு மேல நானும் பாயும் பெரிய அரத்த வெச்சி அமுக்கிப் புடிச்சோம். ஒவ்வொரு டயரா மாத்தி மாத்தி. ஒரே பொகை, ஒரே நாத்தம். பாயி தாடி பூரா கருப்பு ரப்பர் பொடி. பத்து வயசு கொறஞ்ச மாதிரி ஆயிட்டாரு.

அந்நேரம் பாத்து நெல்லூரு போற லாரி டிரைவரு ஒருத்தரு வந்து நின்னாரு. அவரு டயருல துணியே தெரியுது. நாங்க புது டயர தேய்க்கறத பாத்தாரு, கீழ குமிஞ்சிக் கெடக்கற ரப்பரப் பாத்தாரு, தலையில கைய வெச்சிக்கினாரு: "நைனா, ரப்பரு இல்லாம தான் நான் வந்துக்கீறேன். அந்த வழிச்சிக் கொட்றத அப்டியே என் டயருல அப்பு நைனா, உனக்குப் புண்ணியமாப் போவும்!"

ஈயக் குண்டு

ஓட்டிப் பாத்தா அம்பது மைலுக்கு மேல ஸ்டேரிங்கு வெடவெடன்னு ஆடுது. சக்கரம் ஒரு பக்கம் கனமா இருந்தா அப்டி ஆடுமாம். லாரி ஆடுனா நாங்க ரோட்ட திட்டுவோம், அவ்ளோ தான் தெரியும். ரஹீம் பாயி தான் யோசன பண்ணி, பழவேற்காடு போயி அவரு மச்சானோட மீன் வலையிலேர்ந்து ஒரு பிடி ஈயக் குண்டு கொண்டாந்தாரு. சக்கரத்த சும்மா சுத்தி உட்டா கனமான பக்கம் கீழ வந்து நிக்கும். அதுக்கு எதுத்த கம்பியில ஈயத்த தட்டிச் சுத்துனாரு. ஏழெட்டு வாட்டி மாத்தி மாத்தி சுத்துனப்பறம், சக்கரம் எங்க உட்டாலும் அங்கயே நின்னுச்சி. நான் வாயப் பொளந்துக்கினு பாத்தேன். பாயிக்கு மட்டும் கவலை தீரல: "வண்டி ஆடாது, சரி. மச்சான் இன்னிக்கி வலைய வீசுனா அது தண்ணியில மெதக்குமேப்பா."

எண்ணிக்கினே இருந்தேன்

பந்தயத்தன்னிக்கி மில்லுக்காரரு லாரியில வந்து எறங்குனாரு. கூடவே ஆரணியிலேர்ந்து காரு வாங்கற ஆளையும் இட்டுக்கினு வந்துட்டாரு. அந்தாளு வேர்க்கல்ல தின்னுக்கினே, வண்டி எப்ப கையில கெடைக்கும்னு பாத்துக்கினு நிக்கறான். கொடி ஆட்டுனாங்க. அப்பா, அந்த சத்தம்! எந்த வண்டி முன்னாடி, எந்த வண்டி பின்னாடின்னு எனக்கு ஒண்ணியும் புரியல. செவப்பு காரு எங்கள தாண்டறப்ப எல்லாம் டயர மட்டும் பாத்துக்கினு இருந்தேன். மில்லுக்காரரு, "எத்தனாவதா வரான்?"னு கேட்டாரு. "நாலும் இருக்குதுங்க"ன்னேன். "நான் எடத்த கேட்டேன்யா"ன்னாரு.

பாயி தான் சரியா பாத்துக்கினு இருந்தாரு. "ரெண்டாவதுப்பா! ரெண்டாவது!"ன்னு என் தோள அடிச்சே வீங்க வெச்சிட்டாரு. கடைசி ரவுண்டு. தூரத்துல செவப்பு காரு தெரிஞ்சிச்சி. திடீர்னு வேகம் கொறயுது. ஒரு வண்டி தாண்டுது. இன்னொண்ணு தாண்டுது. மூணாவதும் தாண்டுது. வேர்க்கல்ல ஆளு கைய தட்டிக்கினு எழுந்துட்டான். போச்சி, தேய்ச்சது ஜாஸ்தியா போயி வெடிச்சிடுச்சின்னே நெனச்சேன். காரு மெதுவா கோட்ட தாண்டி வந்து நின்னுச்சி. ஓடிப் போயி நாலு சக்கரத்தையும் கையால தடவிப் பாத்தேன். சூடா இருந்துச்சி. முழுசா இருந்துச்சி. நாலும்.

"அப்பறம் ஏன்யா மெதுவா வந்த?"ன்னு கத்துனேன். தாமு தலைய குனிஞ்சிக்கினு சொன்னாரு: ரெண்டாவதா வந்துக்கினு இருந்தாராம். கடைசி ரவுண்டுல கண்டிசனு ஞாபகம் வந்துடுச்சாம். நாலு டயரும் நல்லா இருக்குது, இன்னும் அழுத்துனா எதுனா ஆயிடுமோன்னு கால தானா எடுத்துட்டாராம். அஞ்சாவது எடம். மில்லுக்காரரு ஒவ்வொரு டயரா குனிஞ்சி பாத்தாரு. ஆரணி ஆளு கிட்ட, "நீ போலாம்பா"ன்னாரு. தாமு மூஞ்சியில அப்ப தான் உசுரு வந்துச்சி. அப்பால புள்ள தோள்ல கைய போட்டு மில்லுக்காரரு சொன்னாரு: "ரெண்டாவதா வந்தவன், டயரு போயிடும்னு தானா வேகத்த கொறச்சான் பாரு, இதான் யாவார புத்தி. நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன், வண்டி உன்னுது. நாளைக்கு காலைல அதுலயே மில்லுக்கு வந்துடு நைனா."

எந்த வண்டிக்கு வேணா டயரு மாட்டிக் குடுப்பேங்க, அது கடைசியா எங்க போயி நிக்கும்ங்கறது மட்டும் இந்த டயருக்காரனுக்கு ஒரு நாளும் புரிஞ்சதில்ல.