நான் சொன்ன நைன்

இந்த நாட்டில் மதிய வேளையில் எதிர்ப்படுகிறவர்கள் ‘மால்சைட்’ என்பார்கள். சாப்பாட்டு நேரம் என்று அர்த்தம்; வணக்கம் சொல்வதுபோல. ஜெர்மனிக்கு வந்த புதிதில் நான் நின்று, சாப்பிட்டுவிட்டேன், எலுமிச்சைச் சாதம் என்று பதில் சொல்வேன். அவர்கள் நிற்காமல் போய்க்கொண்டிருப்பார்கள். திண்டுக்கல்லில் சாப்பிட்டாச்சா என்று கேட்டவர் நிற்பார். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்ன என்பதுவரை பேச்சு போகும்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்க எனக்குக் கதிர் இருந்தான். சித்தையன்கோட்டைக்காரன், கல்லூரியில் என்னோடு படித்தவன். எங்கள் ஆய்வுக்குழுவில் ஓர் இடம் காலியானபோது பேராசிரியரிடம் அவனுக்காகப் பேசியது நான்தான். வந்த முதல் மாதம் அவனுக்கும் சேர்த்துச் சமைத்தேன்.

உடம்புக்குள் எந்தப் புரதம் எதனோடு சேர்கிறது என்று கணினியில் ஆராய்வது எங்கள் வேலை. புள்ளிகளும் கோடுகளுமாய் அதற்குப் பெரிய வலைப்படங்கள் உண்டு. கோடு இருந்தால் சேரும், அவ்வளவுதான் தெரியும். நான் புரதங்களின் முப்பரிமாண வடிவங்களை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் ஒட்டுகிறது என்று கணக்கிட்டேன். ஒரு நோய் வரும்போது எந்தக் கோடு மட்டும் அறுந்துபோகிறது என்று அதில் தெரிந்தது. அன்று சாயங்காலம் முதலில் கதிரிடம்தான் சொன்னேன். புரியும்வரை வரைந்து காட்டினேன்.

அடுத்த வாரம் நான் காய்ச்சலில் படுத்தேன். குழுக் கூட்டத்தில் அவன் அதைத் தன் யோசனையாகச் சொல்லிவிட்டான். அந்த வாரம் எனக்குக் கஞ்சி வைத்துக் கொண்டுவந்ததும் அவன்தான். விஷயம் தெரிந்து கேட்டபோது, “கட்டுரைல உன் பேரும் வரும்ல ஸ்டெல்லா, எதுக்கு இம்புட்டுக் கோவம்?” என்றான்.

நான் முறையிட்டதும் பேராசிரியர் இருவரையும் கூப்பிட்டார். இந்த முறையை உருவாக்கியது நீங்கள் இல்லையே என்று என்னிடம் கேட்டார். “நைன்” என்றேன், இல்லை என்று. ஊரில் ‘இல்ல, நான்தான் செஞ்சேன்’ என்றுதானே ஆரம்பிப்போம், அந்த ‘இல்ல’ அது. அந்த இடத்தில் ஜெர்மன்காரர்கள் ‘டொக்’ என்பார்கள்; ‘நைன்’ என்றால், ஆமாம், நான் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். மீதியைச் சொல்ல வார்த்தை தேடுவதற்குள் அவர் நன்றி சொல்லி எழுந்துவிட்டார். நான் சொல்ல வந்தது அந்த அறையில் கதிருக்கு மட்டும் புரிந்திருந்தது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் விளக்கப் போனேன். நேற்று ஒன்று, இன்று ஒன்றா என்றார். கட்டுரை அவன் பெயரில் வந்தது; நடுவில் எங்கோ என் பெயர். நான் வேறு ஊர் ஆய்வகத்துக்கு மாறிவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது கதிரின் அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். மறுத்தேன். அந்தப் பொம்பள உனக்கு என்ன பண்ணுச்சு என்று என் அம்மா அனுப்பிவைத்தாள். சித்தையன்கோட்டை பஸ் ஸ்டாப்பில் அவனை வாழ்த்தி பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அவன் முகத்துக்குப் பின்னால் என் வலைப்படம். நான் கொடுத்த நிறங்களைக்கூட மாற்றவில்லை.

அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினார். “அங்கன அவனுக்கு நீதான தாயி தொணை. செத்த நேரம் இரு, அவங்கூடப் பேசிட்டுப் போ” என்று வீடியோ காலில் அவனை அழைத்து, செல்போனை என் கையில் கொடுத்தார்.

என்னைப் பார்த்ததும் கதிருக்கு முகம் வெளுத்துவிட்டது. அம்மாவுக்குப் புரியாத மொழியில், “பிட்டே, ஸ்டெல்லா” என்றான். தயவுசெய்து என்று அர்த்தம்.

“என்ன தாயி சொல்றான்?”

“நல்லாருக்கியான்னு கேக்குறான்மா.”

அவனுக்குப் பின்னால், நான் இரண்டு வருடம் பார்த்திருந்த ஆய்வக ஜன்னலில் பனி பெய்துகொண்டிருந்தது. என் மேசையில் அவன் உட்கார்ந்திருந்தான். திரையின் மூலையில், சின்னச் சதுரத்துக்குள், அவன் வீட்டுச் சுவரில் சாய்ந்தபடி நான் தெரிந்தேன்.