பாதி சொன்ன பத்தியம்

எனக்குச் சர்க்கரை இருப்பது பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். இன்சுலின் போட்டுக்கொள்வது மட்டும் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். மாத்திரை என்றால் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். ஊசி என்றால் முகமே மாறிவிடும். அந்தப் பரிதாபத்தைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. அதனால் ஆலங்காயத்திலிருந்து தினமும் மலைக்குப் பஸ் ஏறி வருகிற டீச்சரான நான், மதியம் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு வயிற்றில் குத்திக்கொண்டு, ஒன்றும் நடக்காதவள் மாதிரி வெளியே வருவேன்.

போன வருஷம் வாணியம்பாடி டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னார். நான் குறைக்கக் குறைக்க, ரத்தத்தைப் பார்த்து இன்சுலினையும் இறக்கிக்கொண்டே வந்தார். மதியம் பதினெட்டு யூனிட் போட்டவள் ஆறுக்கு வந்தேன். ஊசி அளவை மாற்றாமல் சாப்பாட்டை மட்டும் மாற்றக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் எச்சரிப்பார். இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் கத்திரிக்காய், கைப்பிடி வேர்க்கடலை, இதுதான் என் டப்பா. எடை இறங்கியது, ரவிக்கைகள் தொளதொளத்தன. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கிற அக்காவுக்கும் சர்க்கரை. அவரும் இன்சுலின் போடுகிறவர்தான், ஆனால் அதை ஒளித்ததே இல்லை. ஒருநாள் என் டப்பாவை எட்டிப் பார்த்து, சர்க்கரை எப்படி இறங்கியது என்று கேட்டார்.

"சோறு, களி ரெண்டையும் வுட்டுட்டேன்க்கா. அவ்ளோதான்" என்றேன்.

சாமையுமா கூடாது என்றார். மலையில் பலர் சாமைச்சோற்றைச் சர்க்கரைக்கு மருந்து என்றே நம்புகிறார்கள். அதுவும் சோறுதான் என்று ஆரம்பித்து, பிள்ளைகளுக்கு நடத்துவது மாதிரி அரை மணி நேரம் பாடம் நடத்தினேன். அதில் ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாயைக் கட்டியே நோயை ஜெயித்தவள் என்ற பெயர் எனக்கு வேண்டியிருந்தது.

நாலாம் நாள் காலை பதினோரு மணி இருக்கும். உலை கொதித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா சமையல்கட்டில் சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டார். என்னோடு வேலை பார்க்கிற இளம் டீச்சர் கூப்பிட, ஓடினேன். அக்காவின் முகமெல்லாம் வேர்வை. கூப்பிட்டால் பார்க்கிறார், யாரென்று தெரியவில்லை. கையில் பிடித்த கரண்டியை மட்டும் விடவில்லை. வெறும் வயிற்றோடு வந்திருப்பாங்க என்றார் இளம் டீச்சர். எனக்கோ பார்த்த நொடியே புரிந்துவிட்டது. சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி அதே வேர்வையில் நானும் நனைந்தவள். குளுக்கோஸ் பாக்கெட் என் கைப்பையில், ஊசிகளுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அந்தப் பையை எடுத்துவந்து இளம் டீச்சர் முன்னால் திறக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வெல்லம் இருக்கிறதா பாருங்கள் என்று இளம் டீச்சரை ஸ்டோர் ரூமுக்கு அனுப்பினேன். அவர் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அக்காவின் தலை என் தோளில் விழுந்தது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய்ப் பையை எடுத்துவந்து, குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். நல்லவேளை, விழுங்கினார். கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது. நான் தயங்கியது ஒரு நிமிஷமோ, இரண்டோ. இன்றுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை.

காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன். இரண்டு முட்டையும் முருங்கைக்கீரையும். ஊசி? வழக்கம்போல முப்பது யூனிட். அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அளவைக் குறைத்து எழுதிக் கொடுத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து அவர் வேலைக்கு வந்ததும் தனியாகப் போய்ச் சொன்னேன். நானும் ஊசி போடுகிறவள்தான், சோற்றைக் குறைத்தபோது டாக்டர் ஊசியையும் குறைத்தார், அதை உங்களிடம் மறைத்துவிட்டேன் என்று. அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எழுந்து போய், மேல் தட்டிலிருந்து ஒரு பழைய எண்ணெய் டப்பாவை எடுத்துவந்து திறந்தார். உள்ளே ஆரஞ்சு மூடி போட்ட ஊசிகள். கழிவறைக்குப் பின்னால் காகிதத்தில் சுருட்டி நான் எறிந்தவை. பிள்ளைகள் காலில் குத்திவிடும் என்று இத்தனை மாதமாகப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார்.

யாரிடமாவது சொன்னீர்களா என்றுதான் முதலில் கேட்டேன். அப்போதும் என் கவலை அதுவாகத்தான் இருந்தது. அக்கா இல்லை என்று தலையாட்டினார்.

"நீங்க ஊசி போட்டுக்கறது எனக்குத் தெரியும் டீச்சர். ஊசியும் போட்டுக்கினு சோத்தையும் வுட்டாதான் கொறையும்போலன்னு நெனச்சேன். எவ்ளோ போடறீங்கன்னு கேட்டா உங்களுக்குச் சங்கடமா பூடும்னு கேக்கல."

சாகக் கிடந்தவர், என் மனசு நோகக் கூடாதென்று கேட்காமல் இருந்திருக்கிறார்.

இப்போது மதிய ஊசியைச் சமையல்கட்டிலேயே, அக்கா பக்கத்தில் நின்று போட்டுக்கொள்கிறேன். எத்தனை யூனிட் என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் குத்துகிறேன். குத்தி முடித்ததும் அக்கா அந்த டப்பாவை நீட்டுகிறார். ஊசியைப் போடும்போது டப்பாவை மட்டும்தான் பார்க்கிறேன். அவர் முகத்தைப் பார்க்க இன்னும் முடியவில்லை.