வீட்டுக்காரரின் பாவத்தை நான் மொழிபெயர்த்தது

இதைக் கல்யாண வீடுகளில் என் வீட்டுக்காரரே சொல்லிச் சிரிக்கிறார். அதனால் நான் எழுதினால் குற்றமில்லை.

அவர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். கல்யாணமான நாளிலிருந்து, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம் செய்ததே இல்லை. ராயபுரத்தில் எங்கள் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துகிற எனக்கு அது மானப் பிரச்சினை. சென்ற வருஷம், ஈஸ்டருக்கு முன் கறி ஒதுக்கும் தவக்காலத்தில் நச்சரித்து நச்சரித்து ஒருவழியாக அழைத்துப் போனேன்.

கூட்டம் அதிகம் என்று வெளியூர்ச் சாமியார்களும் வந்திருந்தார்கள். இவர் மண்டியிட்டது ஒரு வடநாட்டு இளம் சாமியாரிடம். புத்தகத்தில் தமிழ் படித்தவர். கொஞ்ச நேரத்தில் அந்தச் சாமியார் எழுந்து சுற்றுமுற்றும் பார்த்து, வரிசையில் நின்ற என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். காலையில் வகுப்பில் என்னைப் பார்த்திருந்தார். யார் மனைவி என்று தெரியாது.

"ஆசிரியை அவர்களே, இவர் பேசும் தமிழ் எனக்கு விளங்கவில்லை. இவர் சம்மதித்தால் நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்."

என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஆண்டவர் வுட்ட வழி. சொல்லட்டும்" என்றார்.

"தவக்காலம்னு வூட்ல சாம்பார் சோறு கட்டிக் குடுக்குறாங்க ஃபாதர். நான் அத்த தோஸ்த்தாண்ட குடுத்துட்டு, டெய்லி பிரியாணி துண்ணுகினு கீறேன்."

எனக்குக் காது சூடானது. விடியுமுன் எழுந்து கட்டிய சோறு! இருந்தாலும் சொன்னேன்: "மனைவி தரும் சாம்பார் சாதத்தை நண்பருக்குக் கொடுத்துவிட்டு, இவர் பிரியாணி சாப்பிடுகிறாராம்."

"ஏன் அப்படி?"

"வாய்ல வெக்க முடில ஃபாதர்."

"சுமாராக இருக்குமாம்" என்றேன்.

"அய்ய, சுமாருன்னு சொல்லாதமே! பாவத்த கொறச்சி சொன்னா மன்னிப்பும் கொறஞ்சிபூடும். கலீஜா கீது ஃபாதர்."

'கலீஜ்' என்ற அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் நான் தேவைப்படவில்லை. சாமியாரின் ஊரிலும் அது உண்டாம்.

"உங்கள் மனைவிக்கு இது தெரியுமா?"

"இப்பத்தான் தெரிஞ்சிது" என்று என்னைக் காட்டினார்.

சாமியார் எங்களை மாறி மாறிப் பார்த்தார். கழுத்தில் கிடந்த ஊதாப் பட்டையால் வாயை மூடிக்கொண்டார், தோள்கள் குலுங்கின. பிறகு பாவமன்னிப்பு கொடுத்தார். பரிகாரம், ஈஸ்டர் வரை வீட்டுச் சாப்பாடு.

"வேற எதுனா குடுங்க ஃபாதர். நூறு ஜெபமாலைகூட சொல்றேன்."

சாமியார் மசியவில்லை. என்னிடம், "இங்கே கேட்டதை வைத்து இவரைக் கடிந்துகொள்ளக் கூடாது" என்றார்.

வழியெல்லாம் திட்டுவதற்கு வாய் துறுதுறுத்தது. பைக்கின் பின்னால் உம்மென்று உட்கார்ந்து வந்தேன். மன்னிப்பைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எவ்வளவு சுலபமாகப் பாடம் எடுத்திருக்கிறேன்!

"ஃபாதர் மன்னிச்சிட்டாரு. நீ?" என்றார். வண்டி நின்றதும் இறங்கி நேராக அடுப்படிக்குப் போனேன்.

மறுநாள் புளியைக் குறைத்து, பருப்பைக் கூட்டி, வீம்புக்கு நெய்யும் விட்டுக் கட்டிக் கொடுத்தேன். மதியம் அவரே போன் செய்தார்.

"துன்ட்டேன்மே. ஃபுல்லா."

"எப்படி இருந்துச்சு?"

லாரிகளின் ஹாரன் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"நேத்துதான் பாவமெல்லாம் கயுவிகினு வந்து கீறேன். மறுபடி பொய் சொல்ல வெக்காதமே."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. மன்னித்துவிட்டேன் என்று அதிலேயே தெரிந்துகொண்டு போனை வைத்துவிட்டார்.